தலைமன்னார்க் கரையும் மலைநாட்டு மக்களும்

கடற்கரை என்றதும் பலருக்குப் பிள்ளைப் பருவம் நினைவுக்கு வரும். விடுமுறை நாளொன்றில் தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டு ஈரமணலில் நடந்ததும், அலை வந்து காலைத் தொட்டபோது தாயின் சேலைத் தலைப்பிற்குள் ஒளிந்ததும், பொறுக்கிய சிப்பிகளை வீடுவரை பத்திரமாகக் கொண்டுசென்றதும் முதுமையிலும் மறவாத காட்சிகளாக நிற்கின்றன. பெற்றோர் மறைந்த பின்னர் அதே கரையைத் தேடிச் சென்று, சிறிதுபொழுது நின்று, கடலைப் பார்த்து மீள்வோர் எல்லா நாடுகளிலும் உண்டு. அவ்வாறு செல்வதும் பிதிர்க்கடனின் ஒரு வகையே எனலாம்.

ஓய்வுநாளைக் கடலோரத்திற் கழிக்கும் வழக்கம் உலகில் மிகப் பழையதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர் உடல்நலம் நாடிப் பிறைற்றன் முதலிய கடற்கரை ஊர்களுக்குச் செல்லலாயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புகையிரதப் பாதைகள் அமைந்த பின்னரே அவ்வழக்கம் எளிய மக்களிடத்தும் பரவியது. அவ்வழக்கத்தை ஆங்கிலேயர் தாம் ஆண்ட நாடுகளுக்கும் கொண்டுசென்றனர். இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட் என்பவர் கொழும்புக் காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையை 1856-ஆம் ஆண்டில் தொடங்கி 1859-இல் முடித்தார். கொழும்பிலுள்ள பெண்டிர், பிள்ளைகள் ஆகியோரின் நலன் கருதி அதனைப் பேணிவருமாறு தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளைக் கேட்டுக்கொண்டு அங்கே ஒரு கல்லையும் நாட்டுவித்தார். கொழும்பின் வெயிலைத் தாங்காத துரைமார் சித்திரை மாதத்தில் ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவுக்கு ஏறிச் சென்று தங்குவதும் வழக்கமாயிற்று. இவ்வாறு கடலும் மலையும் ஒரு சாராருக்கு ஓய்விடங்களாயின.

அதே மலையில், அத்துரைமார் தங்கிய மாளிகைகளுக்குக் கீழே, தேயிலைச் சரிவுகளின் நடுவே நீண்டு கிடந்த லயங்களில் வாழ்ந்த மக்களுக்குக் கடல் எத்தகையதாய் இருந்தது? அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தோட்டங்களிற் பிறந்த பிள்ளைகளுள் கடலைக் காணாமலே முதுமை எய்தியோர் மிகப் பலர். விடிவதற்கு முன் பிரட்டுக்களத்தில் நின்று, பொழுது சாயும்வரை கொழுந்து கொய்து, கூடை இறக்கிய பின் அடுப்பு மூட்டும் ஒரு தாய் தன் பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் நாள் எங்கே வரும்? ஆயினும் அம்மக்களின் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு கடற்கரை உண்டு. பாட்டனும் பூட்டனும் வந்திறங்கிய கரை அது. மன்னார்த் தீவின் மேற்கு முனையிலுள்ள தலைமன்னாரும், அதனைச் சூழ்ந்த மன்னார்க் கரையோரமுமே அவ்விடம். அக்கரையின் வரலாறே மலைநாட்டுத் தமிழரின் வரலாற்றுக்கு முதற்பக்கம்.

ஆங்கிலேயர் 1815-ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியத்தைக் கைக்கொண்டனர். அதன்பின் எட்டாண்டுகள் கழிந்து, 1823-இல், கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். அத்தோட்டத்திற்குத் தென்னிந்தியாவிலிருந்து 14 தொழிலாளர் வந்தனர் என்பது மரபு. மலைநாட்டுத் தமிழர் தம் வருகையைக் கணக்கிடுவது அவ்வாண்டிலிருந்தே. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டு, ஏனையோரையும் அத்தொழிலில் ஊக்கினார். 1830-களின் பிற்பகுதியிலும் 1840-களிலும் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் விரைந்து பெருகின. கண்டிச் சிங்களக் குடியானவர் தம் வயலையும் சேனையையும் விட்டுத் தோட்டத்திற் கூலிக்கு நிற்க விரும்பவில்லை. எனவே தோட்டத் துரைமாரின் பார்வை பாக்குநீரிணைக்கு அப்பாற் சென்றது.

அப்பால் இருந்ததோ வறுமை. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளில் மழை பொய்த்த ஆண்டுகளில் ஏழைக் குடியானவனுக்கும் நிலமற்ற உழவனுக்கும் பிழைக்க வழி இருக்கவில்லை. சாதியால் ஒடுக்கப்பட்டோரின் நிலை அதனினும் கொடிது. தாது வருடப் பஞ்சம் என இன்றும் பேசப்படும் 1876 முதல் 1878 வரையான பெரும்பஞ்சம் ஊர்களையே காலியாக்கியது. ஊருக்குள் வந்த கங்காணி முன்பணம் கொடுத்தான். மக்களைத் திரட்டினான். உறவும் சாதியும் ஊரும் ஒன்றாயிருந்த கூட்டமாக அவர்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டான். அந்த முன்பணமே பின்னர்த் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த கடனுக்கு வித்தாயிற்று.

கங்காணிமார் ஆசை காட்டிய விதம் குறித்து மலைநாட்டில் ஒரு கதை வழங்குகிறது. இலங்கையிலே தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்துவந்தார்கள் என்பதே அக்கதை. தேங்காய் விளைவது கடலோரத்தில். மாசி கடல் தரும் பொருள். இவ்விரண்டும் குளிர்மலையின் செடிக்கு அடியிற் கிடைக்கும் என நம்பிய மக்களுக்கு மலையும் தெரியாது, தேயிலையும் தெரியாது என்பது அக்கதையிலிருந்து விளங்கும். ஏமாந்த மக்கள் தம் ஏமாற்றத்தைத் தாமே நகைத்துச் சொல்லிய கதை அது. எனவேதான் இன்றும் மறையவில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோரத்திலிருந்து பாய்மரத் தோணிகளில் ஏறியவர்கள் தலைமன்னாரிலும் மன்னாரிலும் அரிப்பிலும் இறங்கினர். நீரிணை அகலமானதன்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றரே உள்ளது. இடையிலே இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுகள் நீளக் கிடக்கின்றன. ஆனால் நெரிசலான தோணியில், உப்புக்காற்றில், முன்பின் கடலையே கண்டறியாத உள்நாட்டு உழவர் குடிகளுக்கு அச்சிறு கடலும் பெருங்கடலே. கரையேறியதும் பயணம் முடியவில்லை. உண்மையான பயணம் அங்கேதான் தொடங்கியது.

மன்னாரிலிருந்து மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று அவ்வழி செல்லும். அன்று அது வறண்ட பெருங்காடு. கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆவணி முதல் கார்த்திகை வரையாகையால், தொழிலாளர் அதற்கு முந்திய வறட்சி மாதங்களில் அவ்வழியே நடந்தனர். குளங்கள் வற்றிக் கிடந்தன. கிடைத்த நீரும் நோய் தந்தது. வேலை முடிந்து ஊர் திரும்பும்போதோ வடகிழக்குப் பருவமழை. காடெங்கும் குளிர்காய்ச்சல். போகும்போது வாந்திபேதியும் பெரியம்மையும், மீளும்போது காய்ச்சலும் பசியுமாக, இருமுறையும் மரணம் அவர்களுடன் நடந்தது. நடக்க முடியாதவன் வழியிலே விடப்பட்டான். அவனுக்காகக் கூட்டம் நின்றால் கூட்டமே அழியும் என்ற நிலை. தந்தையை மரத்தடியில் விட்டு மகன் நடந்தான். கணவனை விட்டு மனைவி நடந்தாள்.

எத்தனை பேர் இறந்தனர்? 1841 முதல் 1849 வரையான காலத்தில் 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று அக்காலக் கொழும்புச் செய்தித்தாள் ஒன்று கணக்கிட்டது. அத்தொகை மிகையானது எனப் பின்வந்த வரலாற்றாசிரியர் சிலர் கருதினர். ஊர் திரும்பியோரைச் சரிவர எண்ணாமையால் வந்த பிழை அது என்பது அவர்கள் வாதம். தொகை பற்றிய வழக்கு எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. இறக்குமதியான அரிசி மூடைக்கும் ஏற்றுமதியான கோப்பிப் பீப்பாய்க்கும் கணக்கு எழுதிய ஆட்சி, வழியில் இறந்த மனிதரின் பெயரை எழுதிவைக்கவில்லை. காலிமுகத்திடலிலே பெண்டிர்க்கும் பிள்ளைகளுக்கும் நடைபாதை அமைத்த அதே தேசாதிபதி வார்டின் காலத்திலேதான், 1858-இல், தென்னிந்தியத் தொழிலாளர் வருகையைச் சீர்செய்வதற்கென ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. ஒரு கரையிலே கல் நாட்டிப் பிள்ளைகளை நினைத்த ஆட்சி, மறுகரை வழியே நடந்து இறந்த பிள்ளைகளுக்கு ஒரு கல்லும் நாட்டவில்லை.

இறந்தோரை நினைக்கும் முறை தமிழரிடத்து மிகத் தொன்மையானது. தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையன்று கடலிலோ தீர்த்தத்திலோ நீராடிப் பிதிர்க்கடன் ஆற்றுவர். யாழ்ப்பாணத்தார்க்குக் கீரிமலை, மன்னாரார்க்குத் திருக்கேதீச்சரத்துப் பாலாவி, இந்தியா முழுவதற்கும் இராமேசுவரத்து அக்கினி தீர்த்தம். வடக்கே கங்கைக்கரையிலிருந்தும் மக்கள் தம் முன்னோர்க்காக இராமேசுவரம் வருகின்றனர். கூலிகளாகச் சென்ற கூட்டங்கள் தோணி ஏறியதும் அப்புனித கடலோரத்திற்கு அண்மையிலே. பாரதமெங்கும் உள்ளோர் தந்தையர்க்கு எள்ளும் நீரும் இறைக்கும் கரையை அடுத்துப் புறப்பட்ட அவர்களே, மறுகரையிலிருந்து சென்ற காட்டுவழியில், எள்ளும் நீரும் பெறாத தந்தையர் ஆயினர். பிதிர்க்கடன் ஆற்றுவதற்குப் பெயர் வேண்டும்; இறந்த நாள் வேண்டும். அவர்களுக்கு அவ்விரண்டும் இல்லை.

உயிருடன் வழியைக் கடந்தோர் மாத்தளையை அடைந்தபோது பெருமூச்சு விட்டனர். காட்டின் முடிவும் மலையின் தொடக்கமும் அந்நகரே. அம்மை நோய்க்கு அதிதேவதையாகத் தமிழர் வணங்கும் மாரியம்மனுக்கு அந்நகரிலே பெருங்கோயில் அமைந்ததும், மலைநாட்டுத் தோட்டந்தோறும் மாரியம்மன் குடிகொண்டதும் வியப்பன்று. வழியிலே யாரைக் கண்டு அஞ்சினார்களோ அவளையே தாயாக்கிக்கொண்டார்கள்.

கோப்பியின் காலம் நீடிக்கவில்லை. 1869-இல் மடுல்சீமைப் பகுதியில் முதலிற் காணப்பட்ட இலைநோய் இருபதாண்டுக்குள் அப்பயிரை அழித்தது. அதற்கு முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் ரெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டிருந்தார். கோப்பிக்குச் சில மாத வேலையே போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். கொழுந்து கொய்யப் பெண்களின் விரல்கள் வேண்டும். ஆகவே தனி ஆடவராக வந்து மீண்ட கூட்டம், மனைவி மக்களோடு வந்து தங்கும் குடியாயிற்று. புகையிரதம் 1867-இற் கண்டிக்கும், 1880-இல் மாத்தளைக்கும், 1885-இல் நானுஓயாவுக்கும் எட்டியது. கால்நடையாகக் கடந்த காட்டுவழி மெல்ல மெல்ல மறக்கப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சென்ற நீராவிக்கப்பல் வழி பெருவழியாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழியும் முறையும் மாறின. 1901-இல் எண் பொறித்த தகர வில்லையைத் தொழிலாளியிடம் கொடுத்து அனுப்பும் முறை வந்தது. எந்தத் தோட்டத்திற்குச் செல்பவர், எந்தக் கணக்கில் அவர் செலவு எழுதப்படும் என்பனவற்றை அவ்வில்லை சொல்லும். பின்னர் இலங்கை அரசு இந்தியக் கரையிலுள்ள மண்டபத்திலே ஒரு முகாம் நடத்தியது. அங்குச் சில நாள் நிறுத்திவைத்து, அம்மை குத்தி, உடல் சோதித்து அனுப்பினர். 1914-ஆம் ஆண்டிற் பாம்பன் பாலமும், மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் இருப்புப்பாதையும் திறக்கப்பட்டன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடலாயிற்று. ஒரு காலத்திற் காட்டுவழியின் வாயிலாயிருந்த தலைமன்னார் இப்போது புகையிரத வழியின் வாயிலாயிற்று.

இந்தக் காலத்திலேதான் கடல் மலைநாட்டுப் பிள்ளைகளின் நினைவிற் புகுந்தது. சிறிது பணம் சேர்த்த குடும்பம் ஊருக்குச் சென்று வரும். குலதெய்வத்திற்குக் கிடா வெட்டவும், பிள்ளைக்கு முடி இறக்கவும், பெண் கொள்ளவும் கொடுக்கவும் சென்றனர். அட்டனிற் கோச்சி ஏறி, இறங்கி, மாறி, இரவெல்லாம் பயணஞ்செய்து, விடியலில் தலைமன்னார்த் துறையில் இறங்கிய பிள்ளை முதன்முறையாகக் கடலைக் கண்டது. இர்வின், கோஷன் என்னும் கப்பல்களின் பெயர்கள் தோட்டத்து முதியோர் பேச்சிலே நெடுங்காலம் வழங்கின. மலைமுகட்டில் மூடுபனியையன்றி வேறு வெண்மை காணாத கண்களுக்கு அலைநுரையைத் தந்தை சுட்டிக்காட்டினான். அவர்களுக்கு வாய்த்த கடற்கரை விடுமுறை அதுவே. மேல்தட்டில் துரைமாரும் கீழ்த்தட்டில் தொழிலாளருமாக, சில நாழிகைப் பொழுதுக்குள் முடிந்துபோகும் விடுமுறை.

அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1939-இல் இந்திய அரசு, தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. சுதந்திரம் பெற்ற இலங்கை 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினாலே தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. 1949-இல் அவர்கள் வாக்குரிமையையும் இழந்தனர். கடலின் இருபுறத்திலும் கடவுச்சீட்டும் அனுமதிச்சீட்டும் கேட்கப்பட்டன. பாட்டன் கடந்த கடலைப் பேரன் கடக்க எழுத்தர் மேசையின் முன் நிற்கவேண்டியதாயிற்று.

1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பன அதன் கூறுகள். அவ்வெஞ்சியோரை இரு நாடுகளும் 75,000 பேர் வீதம் பகிர்ந்துகொள்ள 1974-இல் முடிவாயிற்று. இவ்வாறு பகிர்ந்துகொள்ளப்பட்ட மக்களை, எங்கு வாழ விரும்புகின்றீர் என்று ஒப்பந்தத்திற்கு முன் எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அவ்வூருக்குச் சென்றுகொண்டிருந்த புகைவண்டியை அலை விழுங்கியது. மூதாதையர் புறப்பட்ட கரையே அழிந்த பின்னர்த்தான் அவர்களுடைய சந்ததியார் அக்கரைக்கு அனுப்பப்பட்டனர்.

கப்பல் பின்னர் இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. அதன் பெயர் இராமானுஜம். 1960-களின் இறுதியிலிருந்து 1984 வரை, குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்கள் அதில் ஏறின. 1970-களின் நடுவிலே தோட்டங்களிற் கொடும் பசி நிலவியபோது, போக மனமில்லாதவரும் போகத் துணிந்தனர். அட்டன் முதலிய நிலையங்களிலிருந்து அவர்களை ஏற்றிச்சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கு அப்பெயரையே சூட்டினார். அக்காள் பெயர் இந்தியப் பட்டியலிலும் தம்பி பெயர் இலங்கைப் பட்டியலிலும் இருந்தால் அக்காள் ஏறினாள். தம்பி நடைமேடையில் நின்றான். வண்டி நகரும்போது எழுந்த அழுகை இழவு வீட்டு அழுகையாகவே இருந்தது. உயிரோடிருப்பவர் ஒருவருக்கொருவர் ஒப்பாரி வைத்த நிலையங்கள் உலகில் அதிகம் இல்லை.

பத்து வயதிலே அக்கப்பலில் ஏறிய பிள்ளையின் நெஞ்சில் தலைமன்னார் எவ்வாறு பதிந்திருக்கும்? முதன்முதலிற் கடலைக் கண்ட மகிழ்ச்சியும், தாய் வாய்விட்டழுததைக் கண்ட அச்சமும் ஒரே காட்சியாக ஒட்டிக்கொண்டன. சங்கத்துறையிற் பெட்டியைத் திறந்து காட்டிய தந்தையின் கைநடுக்கமும், பின்னால் மங்கிக்கொண்டே சென்ற வெண்மணற்கரையும் பிரிக்க முடியாதன. மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும், கன்னியாகுமரியின் றப்பர்த் தோட்டங்களிலும், கருநாடகத்தின் புத்தூர், சுள்ளியா ஆகிய இடங்களிலும் குடியேற்றப்பட்டனர். இலங்கையில் இந்தியத் தமிழர் எனப்பட்டவர் அங்கே சிலோன்காரர் எனப்பட்டனர். பெற்றோர் அந்நிலத்திலே மறைந்தனர். அவர்கள் வாழ்ந்த லயத்தையும், பாட்டன் பாட்டியைப் புதைத்த மேட்டையும் ஒருமுறை கண்டுவர வேண்டும் என்ற ஏக்கம் பிள்ளைகளிடம் எஞ்சியது.

ஆனால் வழி அடைபட்டது. 1984-இல் உள்நாட்டுப் போரின் காரணமாகக் கப்பல் நின்றது. 1990-இல் தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. தண்டவாளமும் நிலையமும் அழிந்தன. துறையிற் பாசி படர்ந்தது. தொழிலாளரை இலங்கைக்கு அனுப்பிய மண்டபம் முகாம், 1983-இன் பின்னர், இலங்கையிலிருந்து ஓடிவந்த அகதிகளின் முகாமாயிற்று. 2009-இற் போர் முடிந்தபின் இருப்புப்பாதை மீள அமைக்கப்பட்டு, 2015-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14-ஆம் நாள் புகையிரதம் மீண்டும் தலைமன்னார்த் துறைவரை சென்றது. இதற்கிடையே நாடற்றோர் என்ற இழிவும் நீங்கத் தொடங்கியது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும், 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைக் குடியுரிமையை அளித்தன. குடியுரிமை பறிக்கப்பட்ட நாளிலிருந்து அது முழுமையாக மீள 55 ஆண்டுகள் சென்றன.

இப்பின்னணியிலேதான் 2023-ஆம் ஆண்டு வந்தது. 1823-இலிருந்து கணக்கிட்டால் அது இருநூறாம் ஆண்டு. மாண்புமிகு மலையக மக்கள் என்னும் பெயரால் ஒன்றுகூடிய அமைப்புகள், மூதாதையர் நடந்த வழியை மீண்டும் நடப்பது எனத் தீர்மானித்தன. 2023 ஜூலை 28-ஆம் நாள் தலைமன்னாரில் நடை தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிவந்தோர் அக்கரையிற் கூடினர். அவர்களுட் பலருக்கு அது தம் வாழ்நாளில் முதன்முதலாகக் காணும் மன்னார்க் கடல். ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவை 16 நாளில் நடந்து ஆகஸ்ட் 12-ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர்.

அந்நாட்கள் ஆடி மாதத்து நாட்களாய் அமைந்தன. தந்தையரை நினைக்கும் மாதம் அது. நடந்தவருள் சைவரும் கத்தோலிக்கரும் ஏனைய சமயத்தாரும் இருந்தனர். தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் வழியிலே சேர்ந்து நடந்தனர். பாதையோர ஊர்களின் மக்கள் நீரும் உணவும் கொடுத்தனர். முன்னோர் நீரின்றி வீழ்ந்த வழியிலே சந்ததியார்க்கு நீர் கொடுக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதத்து மடுமாதா திருவிழாவுக்கு மலைநாட்டுக் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் மன்னார்ப் பக்கம் வருவதுண்டு. ஆயினும் மலைநாட்டு மக்கள் யாவர்க்குமாக, முன்னோரின் பெயரால், அவ்வழி முழுவதையும் காலால் அளந்தது இதுவே.

நடந்தவர்கள் கண்ணீர் விட்டு மீள்வதற்காக மட்டும் நடக்கவில்லை. கோரிக்கைகளும் கொண்டுசென்றனர். தனித்துவமான ஒரு மக்கட்கூட்டமாகத் தம்மை ஏற்கவேண்டும், குடியிருக்கக் காணியுரிமை வேண்டும், உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டும் என்பன அவற்றுட் சில. இருநூறு ஆண்டுகள் கழிந்தும், தேயிலையால் நாட்டிற்குச் செல்வம் ஈட்டித் தந்தோர் பலர் சொந்தமென்று சொல்ல ஒரு துண்டு நிலமின்றி லயத்து அறையிலே வாழ்ந்தனர். முன்னோரை நினைப்பதும் உரிமை கேட்பதும் இங்கே இருவேறு செயல்களாய் இருக்கவில்லை. இந்நாட்டு மண்ணில் என் பூட்டன் புதைந்திருக்கிறான் என்று சொல்லக்கூடியவன், இந்நாட்டு மண்ணில் எனக்குப் பங்குண்டு என்றும் சொல்லலாம். பெயர் தெரியாத அப்பூட்டன் எங்கே புதைந்தான் என்பதற்குச் சாசனம் இல்லை. அவன் நடந்த வழியே சாசனம்.

நீத்தார்க்கு நீர்க்கடன் ஆற்றும் தமிழர் மரபிலே ஒரு நுட்பமான கருணை உண்டு. தன் தந்தைக்கும் பாட்டனுக்கும் நீர் இறைத்த பின்னர், எவரும் இல்லாமல் இறந்தோர்க்காகவும், பெயர் அறியாதோர்க்காகவும் இறுதியில் ஒரு கை நீர் இறைக்கப்படும். மன்னார்க் கரைக்கும் மாத்தளைக்கும் இடையே வீழ்ந்தோர் அந்த ஒரு கை நீருக்காகவே காத்திருந்தனர் எனலாம். கடற்கரை விடுமுறை என்பதை அறியாத மக்கள், தம் பெற்றோரின் பெற்றோரை நினைந்து ஒரு கடற்கரைக்குச் சென்று, அங்கிருந்து கால்நடையாக வீடு திரும்பினர்.

அட்டன் நகரிலிருந்து தலைமன்னாருக்கு இன்று ஒரு பகற்பொழுதிற் சென்றுவிடலாம். கைவிடப்பட்ட பழைய துறையின் அருகே நின்றால் நீரிணை அமைதியாகக் கிடப்பதைக் காணலாம். தேயிலைத் தோட்டத்திலிருந்து தம் பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லும் தந்தை, சிப்பி பொறுக்கும் பிள்ளையிடம் கடலின் அப்புறத்தைக் காட்டி, நம் பூட்டன் அங்கிருந்து வந்தார் என்று சொல்லக்கூடும். பின்பு திரும்பி, மதவாச்சிக்குச் செல்லும் பாதையையும் காட்டி, இவ்வழியே நடந்தார் என்றும் சொல்லவேண்டும்.